ஏரிகளை எண்ணியவர்

நம் மன்றத்தின் ஆண்டு மலருக்குப் பெரியவர் ஒருவரின் வாழ்க்கை வரலாறு எழுதித் தரவேண்டும் என்று செயலாளர் கேட்டபோது, யாரைப் பற்றி எழுதுவது என்று நான் நெடுநேரம் எண்ணவில்லை. இந்த ஐதராபாத் நகரில் படிக்கும் தமிழ் மாணவர் ஒவ்வொருவரும், அறிந்தோ அறியாமலோ, ஒருவருக்குக் கடன்பட்டிருக்கிறோம். அவர் தமிழரல்லர், இந்நகரத்தவரும் அல்லர். முதன்முறை இங்கே அவர் தங்கிப் பணிபுரிந்தது ஏறத்தாழ ஏழு மாதங்களே. மோட்சகுண்டம் விசுவேசுவரய்யா என்பது அவர் பெயர்.

பெயரைக் கண்டதும் நண்பர்கள் சிலர் பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள் என்பது எனக்குத் தெரியும். ஆண்டுதோறும் செப்டம்பர்த் திங்கள் 15ஆம் நாள் பொறியாளர் தினம் வருகிறது. அன்று இரண்டு மெழுகுவத்திக் கதையும், ஓடும் இரயிலில் தண்டவாளத்தின் ஒலியைக் கேட்டு விபத்தைத் தடுத்த கதையும் மேடைதோறும் சொல்லப்படுகின்றன. அவற்றை நான் மீண்டும் சொல்லப் போவதில்லை. கிருஷ்ணராஜ சாகரமும் பத்திராவதி இரும்பாலையும் பள்ளிப் பாடத்திலேயே வந்துவிட்டன. வரலாறு எழுதுவோர் அரை வரியில் கடந்துவிடும் அந்த ஏழு மாதங்களைப் பற்றியே நான் சொல்ல விரும்புகிறேன். அதற்கு எனக்குச் சொந்தக் காரணமும் உண்டு.

நான் பிறந்தது சிவகங்கைச் சீமையில். அப்பாவின் வேலை காரணமாக எட்டு வயதில் இங்கு வந்தேன். 2020ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 13ஆம் நாள் இரவு இந்நகரில் பெய்த மழையை இங்கிருந்தவர்கள் மறக்கமாட்டார்கள். பல்லெ செருவு என்னும் ஏரியின் கரை உடைந்தது. சில நாட்களில் குர்ரம் செருவின் கரையும் உடைந்தது. எங்கள் குடியிருப்புக்கு மேலே இருப்பது வேறொரு சிறிய ஏரி. அதன் கரை உடையவில்லை. ஆனால் உடையப் போகிறது என்று நள்ளிரவில் ஒருவர் தெருவில் கூவிக்கொண்டே ஓடினார். அம்மாவும் தம்பியும் நானும் எதிர்வீட்டு மாடியில் விடியும்வரை நனைந்தபடி நின்றோம். அப்போது எனக்கு வயது பதினெட்டு. அந்தக் கரை யாருடையது, அதை யார் பார்த்துக்கொள்கிறார்கள், உடைந்தால் தண்ணீர் எந்தத் தெரு வழியாக வரும் என்று மாடியில் நின்ற அத்தனை பேரில் ஒருவருக்கும் தெரியவில்லை. அந்தக் கேள்விகளே என்னை நிலவியல் படிக்க வைத்தன என்று சொன்னால் அது மிகை. விசுவேசுவரய்யாவைப் படிக்க வைத்தன என்பது உண்மை.

அவர் பிறந்த ஆண்டு 1860 என்பாரும் 1861 என்பாரும் உளர். பிறந்த ஊர் சிக்கபள்ளாப்பூருக்கு அருகிலுள்ள முத்தேனஹள்ளி. மோட்சகுண்டம் என்பது ஆந்திர நாட்டில் உள்ள ஒரு சிற்றூர். அவருடைய முன்னோர் அங்கிருந்து மைசூர் நாட்டுக்குக் குடிபெயர்ந்தவர்கள். வந்த இடத்தில் வேர் பிடித்த குடியின் பிள்ளை என்பதால் எனக்கு அவரிடம் ஒரு தனிப் பற்று உண்டு. தந்தை சீனிவாச சாஸ்திரி வடமொழிப் புலவர். மகன் சிறுவனாக இருந்தபோதே அவர் மறைந்தார். பெங்களூரில் பிறர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துக்கொண்டே விசுவேசுவரய்யா கல்லூரியில் படித்தார். 1881இல் பட்டம் பெற்றார். மைசூர் அரசின் உதவித்தொகை கிடைத்தது. பூனாவுக்குச் சென்று பொறியியல் கற்று 1883இல் முதல்வராகத் தேறினார். மறு ஆண்டே பம்பாய் மாகாணப் பொதுப்பணித் துறையில் உதவிப் பொறியாளர் ஆனார்.

பம்பாய்ப் பணியில் அவர் செய்தவை பல. சிந்து நதிக் கரையில் உள்ள சுக்கூர் நகருக்குக் குடிநீர் கொணர்ந்ததும், ஏடனுக்குச் சென்று ஆய்ந்ததும் தனித்தனியே எழுதத் தக்கவை. எனக்கு வேண்டியது ஒன்றே: கடக்வாஸ்லாவின் கதவுகள். பூனாவுக்கு நீர் கொடுத்த அந்த அணையில் வெள்ளநீர் வழியும் கலுங்கின் மேல் அவர் தானியங்கிக் கதவுகளைப் பொருத்தினார். நீர் ஓர் அளவுக்கு உயரும்வரை கதவுகள் மூடியிருந்து தேக்கும். அதற்குமேல் உயர்ந்தால் மனிதர் கை படாமலே தாமாகத் திறந்து வெள்ளத்தை விடும். வெள்ளம் தணிந்ததும் தாமாகவே மூடிக்கொள்ளும். 1903இல் இவ்வேலை முடிந்தது. அணையை உயர்த்தாமலே எட்டடி நீர் கூடுதலாகத் தேங்கியது.

இதில் என் மனத்தைக் கவர்வது கதவின் நுட்பமன்று. நீரைத் தேக்க நினைப்பவன் முதலில் அது வெளியேறும் வழியை நினைக்க வேண்டும் என்ற கருத்து அதில் இருக்கிறது. எங்கள் ஊரில் அப்பாவின் தந்தையை ஐயா என்று அழைப்போம். ஐயாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மழை இறங்கினால் கண்மாய்க்குப் போய் முதலில் கலுங்கைத்தான் பார்ப்பார். பிறகுதான் மடை, பிறகுதான் கரை. கல்லால் கட்டிய அணையின் மேல் நீர் வழிந்தால் அது சில காலம் தாங்கக்கூடும். மண் கரையின் மேல் வழிந்தால் அது அறுத்துக்கொண்டே போகும். ஒரு முழ அகலத்தில் தொடங்கிய அறுப்பு, பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு வண்டி நுழையும் அகலம் ஆகிவிடும். கரை உள்ளுக்குள்ளே அழிவதும் உண்டு. நண்டு வளை, எலி வளை, பட்டுப்போன மரத்தின் வேர், மடைக் குழாயை ஒட்டிய இளகிய மண் ஆகியவற்றின் வழியே நீர் கசிந்து, மண்ணைச் சிறிது சிறிதாக அரித்துக்கொண்டு வெளியேறும். தெளிந்த கசிவு அவ்வளவு தீங்கில்லை. கலங்கிய கசிவைக் கண்டால் ஊரையே எழுப்ப வேண்டும் என்பார் ஐயா. என் பாடநூல் இதையே இருபது பக்கத்தில் சொல்கிறது.

1908இல் விசுவேசுவரய்யா பம்பாய்ப் பணியிலிருந்து தாமே விலகினார். அந்நாளில் இந்தியர் ஒருவர் அங்கே தலைமைப் பொறியாளர் ஆவது நடவாத செயல் என்று அவர் உணர்ந்திருந்தார். விலகியவர் ஐரோப்பாவைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பிவிட்டார். அவ்வேளையில் இங்கே மூசி ஆறு பெருகியது.

1908ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 28ஆம் நாள். இந்நகரின் பழங்குடிகள் அந்த நாளை இன்றும் சொல்வார்கள். மாண்டவர் ஏறத்தாழ 15,000 பேர் என்பது பொதுவாகக் கூறப்படும் கணக்கு. பல்லாயிரம் வீடுகள் இடிந்தன. அப்சல்கஞ்சு மருத்துவமனைத் தோட்டத்தில் நின்ற ஒரு புளிய மரத்தில் ஏறிக்கொண்ட 150 பேர் உயிர் தப்பினர். அம்மரம் இன்றும் உசுமானியா மருத்துவமனை வளாகத்தில் நிற்கிறது. நம்மில் பலர் அதைக் கடந்து பேருந்தில் போயிருப்போம். இறங்கிப் பார்த்தவர் சிலரே.

நிசாம் மீர் மகபூப் அலிகானின் அரசு விசுவேசுவரய்யாவுக்கு அழைப்பு அனுப்பியது. அவர் பயணத்தை முடித்துக்கொண்டு 1909ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் இங்கு வந்து பொறுப்பேற்றார். இனி இவ்வாறு நேராமல் நகரைக் காப்பதும், நகரைத் திருத்தி அமைப்பதும், கழிவுநீருக்கு வழி காண்பதும் அவரிடம் ஒப்படைக்கப்பட்ட வேலைகள்.

வெள்ளத்துக்குக் காரணம் மழை என்று எழுதி முடித்திருக்கலாம். பெருமழை பெய்தது, ஆறு பெருகியது, மக்கள் மாண்டனர். எந்த அரசும் அதை ஏற்றுக்கொண்டிருக்கும். ஆனால் அவர் ஆற்றோடு நிற்காமல் ஆற்றுக்கு மேலே போனார். நகருக்கு மேலே மூசியின் நீர்ப்பிடிப்புப் பகுதி 860 சதுர மைல். அதில் எத்தனை ஏரிகள் என்று கணக்கெடுக்கப்பட்டது. 788. ஏறத்தாழ ஒரு சதுர மைலுக்கு ஓர் ஏரி. அவற்றுள் அந்த வெள்ளத்தில் உடைந்தவை 221. நான்கில் ஒன்றுக்கு மேல்!

இந்த இரண்டு எண்களையும் முதன்முதல் படித்தபோது நான் புத்தகத்தை மூடிவிட்டுச் சிறிது நேரம் சும்மா இருந்தேன். 2020இல் மாடியில் நின்றபோது எங்களுக்கு மேலே ஓர் ஏரி இருப்பதாகவே நினைத்தோம். அந்த ஏரிக்கு மேலே இன்னோர் ஏரி இருப்பதும், அதற்கு மேலே மற்றொன்று இருப்பதும் எங்கள் நினைவில் இல்லை.

தக்காணத்து ஏரிகள் சங்கிலி போன்றவை. மேல் ஏரியின் கலுங்கு வழியே வரும் நீர் கீழ் ஏரிக்கு வரத்து. நம் ஊர்க் கண்மாய்களும் அப்படித்தான். எல்லாம் ஒழுங்காக இருக்கும்வரை இதைவிடச் சிறந்த அமைப்பு வேறில்லை. மேலே ஒரு கரை உடைந்தால் என்ன ஆகும்? ஒரு சிறு கணக்குப் போடுவோம். ஐம்பது ஏக்கர் நீர்ப்பரப்பும் சராசரி ஆறடி ஆழமும் உள்ள ஏரி ஒன்றைக் கொள்க. அதில் உள்ள நீர் ஏறத்தாழ 1 கோடியே 30 இலட்சம் கன அடி. கரை உடைந்து அது ஒரு மணி நேரத்தில் வடிந்தால், வினாடிக்கு 3,600 கன அடி என்ற சராசரியில் கீழே பாயும். உச்சம் அதைவிட மிகுதி. கீழ் ஏரியின் கலுங்கு சில நூறு கன அடிக்காகக் கட்டப்பட்டது என்றால், அந்தக் கரை எவ்வளவு நன்றாக இருந்தும் பயனில்லை. நீர் அதன் தலைக்கு மேல் ஏறி அதையும் அறுக்கும். இப்போது இரண்டு ஏரி நீரும் மூன்றாவது ஏரியை நோக்கிப் போகும். கீழே போகப் போக மழையைவிட ஏரிகளின் நீரே மிகுந்துவிடும். அந்தச் செப்டம்பர் மழையோடு, 221 கரைகளுக்குப் பின்னால் இருந்த நீரும் நகருக்குள் வந்தது.

இங்கே நண்பர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இன்று அணைப் பாதுகாப்பில் ஒவ்வோர் அணைக்கும் இரண்டு தனித்தனி மதிப்பீடுகள் இடுகிறார்கள். ஒன்று, கரையின் நிலை: விரிசல் உண்டா, கசிவு உண்டா, கலுங்கு போதுமா என்பது. மற்றொன்று, இடர்த்தரம்: அது உடைந்தால் கீழே இருப்பவர் யார் என்பது. இரண்டும் வேறு வேறு. நேற்றுக் கட்டி முடித்த திண்ணிய கரைக்கும், கீழே ஒரு பள்ளிக்கூடம் இருந்தால், உயர்ந்த இடர்த்தரம்தான். காட்டுக்குள் இடிந்து கிடக்கும் கரைக்குக் கீழே ஆள் இல்லையென்றால் தாழ்ந்த தரம்தான். உடையவர் தம் கரையை ஓர் அங்குலமும் மாற்றாமல் வைத்திருக்கலாம். கீழே பத்து வீடுகள் எழும்பினால் தரம் ஏறிவிடும். அது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. வீடு கட்டியவர்களுக்கும் தெரிவதில்லை.

இப்படித் தரம் பிரிக்கும் முறை பரவியது விசுவேசுவரய்யாவின் காலத்துக்குப் பின்னர்தான். அமெரிக்காவில் அதற்கு வேகம் கொடுத்த நிகழ்ச்சிகளுள் ஒன்று மாணவர்களாகிய நாம் அறியத் தக்கது. ஜார்ஜியா மாநிலத்தில் டொக்கோவா என்னும் இடத்தில் ஒரு கல்லூரிக்குச் சொந்தமான கெல்லி பார்ன்ஸ் என்ற சிறிய மண் அணை, 1977ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 6ஆம் நாள் பின்னிரவில் உடைந்தது. கீழே கல்லூரி வளாகத்தில் உறங்கிக்கொண்டிருந்தவர்களுள் 39 பேர் மாண்டனர். அணையின் உரிமையாளரும் அதன் கீழே வாழ்ந்தவர்களும் ஒரே நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள். அப்படியிருந்தும் காக்க முடியவில்லை. அதன் பின்னரே அதிபர் கார்ட்டர், அரசுக்கு உடைமையல்லாத, ஆனால் உயர்ந்த இடர்த்தரம் கொண்ட அணைகளை ஆய்ந்து வருமாறு படைப்பொறியாளர்களை ஏவினார். அந்நாட்டுப் பதிவேட்டில் உள்ள அணைகளில் பாதிக்கு மேல் இன்றும் தனியார் உடைமையே.

இடர்த்தரம் என்ற சொல் விசுவேசுவரய்யாவிடம் இல்லை. ஆனால் கரை கரையாகப் போய் எது வலியது எது மெலியது என்று பார்ப்பதோடு நில்லாமல், இவையெல்லாம் சேர்ந்து யார் தலையில் விழும் என்று அவர் கேட்டார். அந்தக் கேள்விக்கு விடையாக அவர் சொன்ன திட்டம் துணிச்சலானது. நகருக்குச் சில மைல் மேலே, மூசியின் குறுக்கே ஒன்றும் அதன் துணையாறாகிய ஈசியின் குறுக்கே ஒன்றுமாக இரண்டு பெரிய நீர்த்தேக்கங்கள். மேலே எத்தனை சிறு கரைகள் உடைந்தாலும் அந்த நீரை ஏந்திக்கொண்டு, நகரம் தாங்கும் அளவு மட்டும் கீழே விடுவது அவற்றின் வேலை. 1920இல் உசுமான் சாகரும் 1927இல் இமாயத் சாகரும் கட்டி முடிந்தன. பல பத்தாண்டுகள் இந்நகரின் குடிநீர் அவற்றிலிருந்தே வந்தது. நாம் பட்ட கடன் என்று தொடக்கத்தில் சொன்னது இதைத்தான்.

ஆயினும் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. பெரியவரிடம் குறை காண்பது சிறுவனுக்கு அழகன்று என்பார்கள், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். அந்த ஆய்வின் பயனாக இரண்டு பெரிய அணைகள் நம் நினைவில் நின்றன. 788 என்ற எண் மறந்துபோயிற்று. பெரிய அணைக்குத் திறப்பு விழா உண்டு, பெயர் உண்டு, காவற்காரர் உண்டு. சிற்றேரிக்கு யார்? அந்நாளில் இச்சமஸ்தானத்தில் பெரும்பரப்பு ஜாகீர்தார்களின் கையில் இருந்தது. எங்கள் சீமையில் கண்மாய்கள் ஜமீனுடையவை. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஜமீன் ஒழிந்தது. கண்மாய்கள் அரசுக்கு வந்தன. ஜமீன் காலத்தில் கரைக்கு மண் போட ஜமீனைக் கேட்பார்களாம்; பிறகு யாரைக் கேட்பது என்று தெரியாமல் ஊரே கூடிப் போட்டது என்று ஐயா சொல்வார். உடைமை கைமாறும்போது நிலமும் மீனும் மரமும் உடனே கைமாறிவிடுகின்றன. மண் சுமக்கும் கடமை மட்டும் வழியில் எங்கோ நின்றுவிடுகிறது. உசுமான் சாகரும் இமாயத் சாகரும் தங்களுக்கு மேலே உள்ள ஏரிகளிலிருந்துதான் நம்மைக் காக்கும். அவற்றுக்குக் கீழே, நகரத்தின் வயிற்றுக்குள்ளேயே இருக்கும் ஏரிகளுக்கு அவை என்ன செய்யும்?

1909ஆம் ஆண்டு நவம்பரில் அவர் மைசூருக்குத் தலைமைப் பொறியாளராகச் சென்றார். 1912 முதல் 1918 வரை திவான். அந்த ஆறாண்டுகளில் வங்கியும் பல்கலைக்கழகமும் எழுந்தன. காவிரியின் குறுக்கே அணை வளர்ந்தது. அதனால் மைசூருக்கும் சென்னைக்கும் எழுந்த வழக்கு நம் பெற்றோர் பேசி நாம் கேட்டதே. பின்னும் ஐதராபாத் அவரை அழைத்தது, அவரும் வந்தார். 1955இல் பாரத ரத்னா விருது பெற்றார். இவையெல்லாம் எங்கும் கிடைக்கும் செய்திகள்.

ஒரு செய்தியை மட்டும் வரலாறு எழுதுவோர் அவர் வாழ்க்கையோடு சேர்த்துச் சொல்வதில்லை. 1961ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 12ஆம் நாள். அவர் நூறு வயதை ஒட்டிய முதியவர், பெங்களூரில் இருக்கிறார். பூனாவுக்கு மேலே, கட்டி முடியும் தறுவாயில் இருந்த பான்சேத் என்னும் மண் அணை முதல் பருவ மழையிலேயே உடைந்தது. அந்த நீர் நேரே கீழே இருந்த அணைக்குள் பாய்ந்து, அதையும் உடைத்துக்கொண்டு பூனா நகருக்குள் புகுந்தது. அந்தக் கீழ் அணை எது தெரியுமா? கடக்வாஸ்லா. இளமையில் அவர் கதவு பொருத்திய அதே அணை. மூழ்கியது அவர் பொறியியல் கற்ற நகரம். மேலே ஒன்று உடைய, கீழே இருந்தது குற்றமின்றி உடைந்தது. 1909இல் மூசியின் கரையில் அவர் எழுதிய கணக்கை, ஐம்பத்திரண்டு ஆண்டு கழித்து அவருடைய சொந்த அணையே மீண்டும் எழுதிக் காட்டியது. 1962ஆம் ஆண்டு ஏப்ரலில் அவர் மறைந்தார்.

2021இல் நம் நாட்டில் அணைப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அணைகளை இடரின்படி தரம் பிரிக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. மகிழ்ந்து படித்தேன். பதினைந்து மீட்டருக்கு மேற்பட்ட அணைகளும், பத்து முதல் பதினைந்து மீட்டர் வரை உயர்ந்து வேறு சில இயல்புகளும் உடையவையுமே அதில் அடங்கும். எங்கள் குடியிருப்புக்கு மேலே உள்ள கரை என் உயரத்தில் மூன்று மடங்குகூட இராது.

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பியை அழைத்துக்கொண்டு அங்கே போனேன். அளவுநாடா, ஒரு நோட்டுப் புத்தகம், இரண்டு பேனா. கலுங்கில் பாதிக்கு மேல் வீடு இடித்த கல்லும் சிமெண்டுக் கட்டியும் கிடந்தன. ஏரி யாருடையது என்று கரையோரத் தேநீர்க் கடைக்காரரைக் கேட்டேன். அரசுடையது என்றார். அருகில் அமர்ந்திருந்த முதியவர் தலையை ஆட்டி மறுத்தார். ஏரிக்குள்ளேயே ஷிகம் பட்டா நிலம் இருக்கிறது, உடையவர்கள் பலர் என்றார். இருவரும் வாதாடத் தொடங்கினார்கள். நாங்கள் கரையின் அடியில் இறங்கி, தண்ணீர் வரக்கூடிய சரிவின் வழியே நடந்து வீடுகளை எண்ணத் தொடங்கினோம். இடப்பக்கம் தம்பி, வலப்பக்கம் நான். எங்கள் தெருமுனைக்கு வந்து சேர்வதற்குள் இருட்டிவிட்டது. எங்கள் வீட்டையும் எழுதிக்கொண்டோம். அதற்குக் கீழே இன்னும் நான்கு தெருக்கள் இருக்கின்றன. அடுத்த ஞாயிற்றுக்கிழமை போகவேண்டும்.